ஒண்ணுமில்லை

"வாயில கொழுக்கட்டையா வச்சிருக்கு அந்தக் கண்ணாடி போட்ட புள்ள? வண்டி ஏறுனதுலருந்து ஒரு சத்தம் வரல" என்று பஸ்ஸில் எனக்குப் பின்சீட்டில் சொன்னார்கள். தென்காசியிலிருந்து வந்திருக்கும் இரண்டு ரிட்டயர்டு டீச்சர்களில் யார் சொன்னது என்று தெரியவில்லை, நான் திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் என் காதில் விழுந்தது அவர்களுக்குத் தெரிந்துவிடும், அவர்கள் அசட்டுச் சிரிப்பு சிரிப்பார்கள், பதிலுக்கு நானும் சிரிக்க வேண்டும், அதற்குப் பேசியே தொலைத்திருக்கலாம். அதனால் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு பூட்டானைப் பார்த்தேன். கூரைகளில் மிளகாய் காய்கிறது, கூரையே தெரியாத அளவுக்கு மிளகாய், நம் பக்கத்தில் சாத்தூர் களத்தில் பார்க்கிற அதே சிவப்பு. பஸ் நின்றதும், இனி நடக்க வேண்டும், வயலைத் தாண்டி எதிரே தெரிகிற மேட்டில் ஏறினால் கோயில் என்று கைடு கின்லே சொன்னார். எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன், கொழுக்கட்டையும் என்னோடு இறங்கியது. அப்படித்தான் இருந்தது, நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வழவழவென்று ஒன்று, துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல். முன்னால் ரத்தினவேல் அண்ணன் போகிறான், அவனுக்குப் பின்னால் சண்முகக்கனி மதினி, அவளுக்குப் பின்னால் நான். சிவகாசியிலிருந்து வந்தது நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளை வரம் கொடுக்கிற கோயில் ஒன்று அங்கே இருக்கிறதாம் என்று யாரோ சொல்லி அம்மாதான் அனுப்பினாள். அண்ணன் தயங்கினான், காலண்டர் சீசனில் பிரஸ்ஸை விட்டு எப்படி வருவது என்றான், பாஷையும் தெரியாது என்றான். வேணி போகட்டும், இங்கிலீஷ் எம்.ஏ. படிச்சவ, எல்லாத்தையும் எடுத்துச் சொல்லுவா என்றாள் அம்மா. எடுத்துச் சொல்வேனாம். நான் எடுத்துச் சொன்ன லட்சணம் அம்மாவுக்குத் தெரியாது.

வரப்பு ஒற்றையடி அகலம்தான். இரண்டு பக்கமும் நெல் பழுத்துச் சாய்ந்து கிடக்கிறது, தண்ணீர் வடிந்த வயலின் வாசனை, அதற்கு நடுவில் எங்கிருந்தோ புகை வாசனை, ஏதோ இலையைக் கொளுத்துகிறார்கள், சாம்பிராணி மாதிரி ஆனால் சாம்பிராணி இல்லை. வரப்பு முடிகிற இடத்தில் ஒரு வீடு, அதன் வெள்ளைச் சுவரில் அது, ஆம்பளைகளுக்கு மட்டும் இருக்கிற அது, வர்ணத்தில். ஆளுயரத்துக்கு. நான் சட்டென்று குனிந்து ஷூ லேசைக் கட்டினேன், அது கட்டித்தான் இருந்தது. டீச்சர்கள், நம்ம லிங்கம் மாதிரிதான், தப்பா எடுத்துக்கக் கூடாது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வேகமாக நடந்தார்கள். மதினி மட்டும் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். "ஏ வேணி, நம்ம ஊர்ல திருஷ்டிக்குப் பூசணிக்காய் கட்டுவோம், இவங்க இதை வரைஞ்சு விட்டிருக்காங்க பாரு. ரிப்பன் வேற கட்டி, ஸ்கூலுக்கு அனுப்புற மாதிரி" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முன்னால் போன அண்ணன் திரும்பி, என்ன சிரிப்பு என்றான், பொம்பளைங்க சமாச்சாரம் நீங்க போங்க என்றாள் மதினி, அப்படிச் சொல்லிக்கொண்டே அடிவயிற்றை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன். நான் எல்லாவற்றையும் பார்த்துவிடுகிறேன், அதுதான் என் வியாதி. பேசாத ஆட்களுக்குக் கண் பெரிதாகிவிடும் போலிருக்கிறது. மதினியின் வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் கன்றிப்போய் நாவல் பழ நிறத்தில் இருக்கிறது, ஹோட்டலில் அவள் சேலை மாற்றும்போது பார்த்தேன், கேட்காமலே, கருமுட்டை வளர்றதுக்குப் போடுறாங்க, வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு, கோழிப்பண்ணைதான் வைக்கணும் என்றாள். ஊருக்குத் திரும்பியதும் அடுத்த வாரம் மதுரையில் அட்மிஷன். வயிற்றில் துளை போட்டு உள்ளே குழாய் விட்டுப் பார்க்கப் போகிறார்கள். மயக்க மருந்து கொடுத்துத்தான். வீட்டுக்காரருக்குப் பார்த்தாச்சா என்று டாக்டரம்மா கேட்டதற்கு, பார்த்தாச்சு, அவருக்கு ஒண்ணுமில்லை என்று மதினிதான் சொல்லியிருக்கிறாள். குழாய் விட்டுப் பார்த்தும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வேறு மாதிரிதான் யோசிக்க வேண்டும் என்று அம்மா சமையலறையில் நின்றுகொண்டு, மதினி காதில் விழுகிற மாதிரி, என்னிடம் சொன்னாள். வேறு மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. மாமா மகள் திவ்யா அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள், அம்மா அவளுக்குத் தலை பின்னிவிட்டாள்.

அவருக்கு ஒண்ணுமில்லை. அவருக்கு ஒண்ணுமில்லை. மேடு ஏற ஆரம்பித்ததும் மூச்சுக்கு ஒன்றாக அது வருகிறது, வலது காலுக்கு அவருக்கு, இடது காலுக்கு ஒண்ணுமில்லை. நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, மதுரையில் காலேஜ் லைப்ரரிப் படிக்கட்டு. பரீட்சை சமயம். அண்ணன் போன் பண்ணினான். "வேணி, ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் சொல்லு" என்றான். பிரஸ்ஸில் ஏதாவது டிசைனுக்காக இருக்கும் என்று நினைத்தேன். இங்க லேப்ல ஒரு டெஸ்டு கொடுத்திருந்தேன், போன்ல சொல்றான், அஸூஸ்பெர்மியாவாம், அப்படின்னா என்ன, என்றான். இரு பார்த்துச் சொல்றேன் என்று வைத்துவிட்டுப் பார்த்தேன். பார்த்ததும் காது சூடாகிவிட்டது. பக்கத்துப் படியில் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். விந்தில் உயிரணுக்கள் அறவே இல்லாத நிலை. எனக்கு நன்றாகப் புரிந்தது, வாய்க்குள் சொல்லிக்கூடப் பார்த்தேன், ஆனால் இதை அண்ணனிடம் எந்த வார்த்தையில் சொல்வது. புத்தகத்தில் இருக்கிற வார்த்தையைச் சொன்னால் அவனுக்குப் புரியாது, அவனுக்குப் புரிகிற வார்த்தையை நான் சொல்ல முடியாது. ஒரு தங்கச்சி தன் அண்ணனிடம் சொல்கிற மாதிரி அதற்கு ஒரு வார்த்தையை யாரும் செய்து வைக்கவில்லை. அவனே மறுபடி கூப்பிட்டான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அது வந்துண்ணே... ஒண்ணுமில்லைன்னு அர்த்தம்" என்றேன். ஒன்றும் இல்லை, ஒன்றுகூட இல்லை, எண்ணிக்கையில் இல்லை என்றுதான் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை, கட்டிங் மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் "அப்பாடா" என்றான். அப்பாடா என்று வைத்துவிட்டான். சாயங்காலம் அம்மா எனக்குப் போன் பண்ணி, உங்கண்ணனுக்கு டெஸ்டு எடுத்தாச்சு, ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்களாம், அல்வா வாங்கிட்டு வந்திருக்கான் என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷமே. இல்லம்மா, அந்த ஒண்ணுமில்லை வேற. அம்மாவிடமா அதைச் சொல்வது. அண்ணனிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், நேரில் போகும்போது சொல்லலாம், பரீட்சை முடியட்டும், தீபாவளிக்குப் போகும்போது, பொங்கலுக்குப் போகும்போது. போகும்போதெல்லாம் பஸ் ஸ்டாண்டில் பைக்கோடு நின்றுகொண்டிருப்பான். என் பையை வாங்கி டேங்கின் மேல் வைப்பான். பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு மேல்படிப்பு என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றபோது அவள் படிக்கட்டும் என்று சொன்னவன். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போகும்போது எப்படிச் சொல்வது. இல்லை, அதுகூட இல்லை, வேறொன்று இருக்கிறது, அதை நினைக்கும்போதுதான் கால் தடுக்குகிறது. அந்த அப்பாடா. அதற்கு முன்னால் இருந்த அந்தக் கொஞ்ச நேரம். நிஜமாகவே தப்பாகப் புரிந்துகொண்டானா, அல்லது சரியாகப் புரிந்துகொண்டு, இப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் கண்டுபிடித்தானா. லேப்காரன் சும்மாவா வார்த்தையை மட்டும் சொல்லியிருப்பான். அண்ணன் அப்படிப்பட்டவன் இல்லை. ஆனால் நான்கூட அப்படிப்பட்டவள் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதை வளைகிற இடத்தில் ஓடைத் தண்ணீரில் சுற்றுகிற உருளை ஒன்று, யாரும் தொடாமல் தானே சுற்றிக்கொண்டு, ஒரு சுற்று முடியும்போது ஒரு மணி அடிக்கிறது. தண்ணீரே பிரார்த்தனை பண்ணுகிறது என்று கின்லே இங்கிலீஷில் சொன்னார், டீச்சர்கள் என்னைப் பார்த்தார்கள், நான் தமிழில் சொல்ல வேண்டும், தண்ணிதான் சாமி கும்பிடுதாம் என்றேன், ஒருவர் கையைக் காதுக்கு வைத்து என்னம்மா என்றார், நான் மறுபடி சொல்வதற்குள் மதினி உரக்கச் சொன்னாள். மதினிக்கு என் சத்தம் பழக்கம். என் வீட்டில் என்னை ஊமைச்சி என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள். கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஒன்பதாவது, கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன், ஒருநாள் அவள் வந்து கதவின் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இப்படியே பேசு, நான் பார்க்க மாட்டேன் என்றாள். கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று எத்தனையோ பேசியிருக்கிறோம். எனக்கு முதல் முதலில் வயிற்றுவலி வந்தபோதுகூட அம்மாவுக்கு முன்னால் அந்தக் கதவுக்குத்தான் சொன்னேன். இப்போது எனக்குக் கதவு வேண்டும். இந்த மலையில் கதவுக்கு எங்கே போவது. நேற்று செங்குத்துப் பாறையில் தொங்குகிற ஒரு புத்த மடத்துக்கு ஏறினோம், குதிரை வேண்டாம் என்று மதினி நடந்தே வந்தாள், வேண்டுதல் என்றால் நடந்துதான் போக வேண்டுமாம். வழியில் இரண்டு தடவை உட்கார்ந்தாள். உதடு வெளுத்துவிட்டது. உள்ளே போனதும் நெய்விளக்கு ஏற்றினாள், கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள், அந்த மஞ்சள் வெளிச்சத்தில் அவள் கழுத்து நரம்பு துடிப்பதைப் பார்த்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றேன், அப்போது சொல்லியிருக்கலாம், மடத்துக்குள் பேசக் கூடாது என்று எழுதியிருந்தது, எனக்கு எங்கே போனாலும் இப்படி ஒரு பலகை கிடைத்துவிடுகிறது. இறங்கும்போது, என்ன கேட்ட மதினி என்று கேட்டேன். புள்ளை கேக்கல வேணி, எனக்கு என்ன குறைன்னு காட்டிக்கொடுன்னு கேட்டேன், தெரிஞ்சா போதும், ஏன்னு தெரியாமதான் முடியல என்றாள். மயக்க ஊசி போட்டபின் எழுந்திருக்காமலே போனவர்களைப் பற்றி எங்கள் ஹாஸ்டலில் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருப்பாள், அவள் அத்தையோ யாரோ. அடுத்த வாரம். இல்லாத குறையைத் தேடி அவள் வயிற்றுக்குள் விளக்குப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். அந்த விளக்கு என்னிடம் இருக்கிறது. வாயில் இருக்கிறது.

மேட்டின் தலையில் பெரிய அரசமரம், அதைச் சுற்றிக் கல் மேடை, மூங்கில்களில் கட்டின வெள்ளைக் கொடிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கின்றன, பிரஸ்ஸில் தாள் புரள்கிற சத்தம். கோயில் சின்னது. அண்ணன் கல் மேடையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றக் குனிந்தான். எங்களைத் தவிர மற்றவர்கள் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள், டீச்சர்கள் மட்டும் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து ஒரு பிக்கு, வயதானவர் இல்லை, அண்ணன் வயதுதான் இருக்கும், வீட்டுச் சுவரில் பார்த்த அதையே மரத்தில் செய்திருந்ததை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஒரு மாதக் குழந்தை அளவு இருக்கும், எத்தனையோ கை பட்டுப் பட்டு எண்ணெய் தேய்த்த மாதிரி மினுங்கியது. அவர் ஏதோ சொன்னார், கின்லே அதை இங்கிலீஷில் என்னிடம் சொன்னார். குறை யாரிடம் இருக்கிறதோ அவர் இதைச் சுமந்துகொண்டு கோயிலை மூன்று தடவை சுற்ற வேண்டும். கணவன் என்றால் கணவன். மனைவி என்றால் மனைவி. யாரிடம் என்று தெரியாவிட்டால் இரண்டு பேரும். சொல்லிவிட்டுக் கின்லே சிரித்த முகமாகக் காத்திருந்தார், பிக்கு காத்திருந்தார், மதினி என் வாயைப் பார்த்தாள், அண்ணன் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை, ஆனால் லேசை அவிழ்க்கிற விரல் நின்றது, நான் பார்த்தேன், விரல் நின்றது. தமிழில் எல்லா வார்த்தையும் என்னிடம் இருந்தன. குறை. யாருக்கு. புருஷன். ரொம்பச் சின்ன வார்த்தைகள். தெரியலைன்னா ரெண்டு பேரும் என்பதை மட்டுமாவது சொல்லியிருக்கலாம், அதில் யாருக்கும் எந்த நோவும் இல்லை. "பொம்பளைங்கதான் சுமக்கணுமாம்" என்றேன். இந்தப் பயணத்திலேயே நான் சத்தமாகச் சொன்னது அதுதான். வாசலில் நின்ற டீச்சர் அடுத்தவரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், பரவாயில்லையே, பேசுதே என்பது போல. அண்ணனின் விரல் மறுபடி நகர்ந்தது, ஒரு ஷூ கழன்றது, ஆனால் மற்றதைக் கழற்றவில்லை, கழற்றினதையும் திரும்ப மாட்டிக்கொண்டான், அப்ப நீங்க போயிட்டு வாங்க என்று போனை எடுத்தான். மதினி இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள். அதை ஒரு கையில் அணைத்துக்கொண்டு மறு கையை நீட்டினாள், பிக்கு உள்ளங்கையில் தீர்த்தம் ஊற்றினார், அவள் குடித்துவிட்டு மிச்சத்தை உச்சந்தலையில் தடவிக்கொண்டாள், நம் கோயிலில் செய்கிற மாதிரியே. என் கையிலும் ஊற்றினார். குங்குமப்பூவோ கற்பூரமோ, வாயில் கொஞ்சம் கசந்தது.

மதினி முன்னால் நடக்கிறாள், நான் பின்னால். கூச்சமாக இருந்திருக்க வேண்டும், ஸ்வெட்டருக்கு மேல் போட்டிருந்த சால்வையை இழுத்து அதன் மேல் மூடிக்கொண்டாள், மூடினதும் அது வேறு மாதிரி ஆகிவிட்டது, குளிர் படாமல் ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி. அவளுக்கே அது தெரிந்ததோ என்னவோ, தலையைத் தாங்குவது போல் ஒரு கையை மேலே கொண்டுபோனாள், பிறகு எடுத்துவிட்டாள். கோயிலின் பின்பக்கம் நிழல், கல் ஈரமாக இருந்தது, சாக்ஸ் நனைந்து பாதம் சில்லென்றது. சுவரெல்லாம் வரிசையாகச் சின்ன உருளைகள், அவள் கையில் இடமில்லாததால் நான் சுற்றிக்கொண்டே வந்தேன், கிர் கிர்ரென்று. முதல் சுற்றில் மரத்தைக் கடக்கும்போது அண்ணன் நிமிரவில்லை. இது ஒண்ணும் புதுசில்லை, ஏற்கெனவே சொன்ன பொய்க்கு மேல் இன்னொன்று, அவ்வளவுதான் என்று நினைத்துப் பார்த்தேன், இல்லை, அன்றைக்குச் சொன்னது பொய்யே இல்லை, அது கூச்சம், இதுதான் பொய், இப்போதுதான் நான் பொய்க்காரி ஆகியிருக்கிறேன், ஒரு கோயில் வாசலில், இரண்டு நிமிஷத்துக்கு முன்னால். இரண்டாவது சுற்றில் மதினிக்கு மூச்சு வாங்கியது. நான் வச்சுக்கவா என்று வாய் வரை வந்தது. ஆனால் வெளியே வந்தது, கனக்குதா என்றுதான். "கனமெல்லாம் இல்ல. இதைச் சுமக்குறதுல என்ன இருக்கு" என்றாள், திரும்பாமல். மறுபடி பின்பக்கம் வந்தோம், மறுபடி நிழல். அவள் முதுகுதான் எனக்குத் தெரிந்தது, சால்வையின் பச்சைக் கட்டம், பின்னலில் செருகியிருந்த, நேற்று மடத்துக் கொடியிலிருந்து எடுத்த நூல். அந்த முதுகு கதவு மாதிரி இருந்தது.

"மதினி, நான் தப்பாச் சொல்லிட்டேன்" என்றேன். அவள் நடந்துகொண்டே இருந்தாள், எதை, என்றாள். பொம்பளைங்கன்னு அவங்க சொல்லல, குறை யாருக்கோ அவங்க சுமக்கணும்னு சொன்னாங்க என்றேன். அதுக்கென்ன, அதான் சுமக்கிறேனே என்றாள். உருளையிலிருந்து என் கை விலகியது, அது தானே கொஞ்ச தூரம் சுற்றி நின்றது. "டெஸ்டு எடுத்தன்னிக்கு அண்ணன் எங்கிட்ட ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டாங்க. நான் ஒண்ணுமில்லைன்னு சொன்னேன்." மதினி நின்றாள். திரும்பவில்லை. திரும்பாமல் இருந்ததற்கு நான் அவளுக்கு எப்போதும் கடமைப்பட்டிருக்கிறேன். "ஒண்ணுமே இல்லைன்னு சொல்லியிருக்கணும் மதினி. ஒண்ணுகூட இல்லை. அதுதான் அதுக்கு அர்த்தம்." மேலே கொடிகள் அடித்துக்கொண்டன. எங்கோ கீழே ஓடை உருளையின் மணி, ஒன்று, பிறகு வெகுநேரம் கழித்து இன்னொன்று. அவள் தோள் ஏறி இறங்கியது. அழுகிறாள் என்று நினைத்துத் தொடப்போனேன், அழவில்லை, மூச்சுதான். "உங்கண்ணனுக்குத் தெரியுமா" என்றாள். தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த அப்பாடா. நின்றுபோன அந்த விரல். "எனக்குத் தெரியல மதினி" என்றேன். அவள் சால்வையை விலக்கினாள். மர மினுமினுப்பு வெளியே வந்தது. முன்பக்கம் வெயிலுக்கு வந்து, மூன்றாவது சுற்றுக்குப் போகாமல், நேராக அரசமரத்துக்கு நடந்தாள், நான் சுவரோரம் நின்றுவிட்டேன், வாசலில் டீச்சர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். மதினி கையிலிருந்ததை அவன் மடியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றாள்.

அண்ணன் மடியைப் பார்த்தான். மதினியைப் பார்த்தான். அப்புறம் அவ்வளவு தூரத்திலிருந்து என்னைப் பார்த்தான். போனைச் சட்டைப்பையில் போட்டான். குனிந்து ஒரு ஷூவைக் கழற்றினான், மற்றதையும் கழற்றினான், இரண்டையும் சேர்த்து மேடைக்கடியில் தள்ளினான். எழுந்து, அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கோயிலை வலமாகச் சுற்றி நடக்க ஆரம்பித்தான்.